மருந்துப் பால்

ஆபீசரம்மா மறுநாள் காலையில் கொட்டகை பார்க்க வருகிறாள் என்று சேதி வந்ததிலிருந்து பளிச்சு உட்காரவே இல்லை. சும்மா இருக்கும் நாளிலேயே அவளுக்குக் கை பரபரக்கும். யார் வீட்டுக்குப் போனாலும் பேச்சோடு பேச்சாக அங்கே இருக்கும் டம்ளரை முந்தானையால் துடைத்து வைத்துவிட்டுத்தான் வருவாள். பளிச்சு என்பது அதனால் வந்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது கல்யாணப் பத்திரிகையோடு சரி. அவள் புருஷனுக்குத் தெருவில் நிதானம் என்று பெயர். வீடு பற்றி எரிகிறது என்று சொன்னாலும் "நிதானம், நிதானம்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடுகிற ஆள். இவர்கள் இரண்டு பேரையும் சேர்த்து வைத்த புண்ணியவான் யாரென்று தெருக்காரர்கள் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மாடு வளர்க்கிறவர்கள் எல்லாரும் கொட்டகைக்கு லைசென்ஸ் வாங்க வேண்டும் என்று அரசாங்கம் புதிதாகச் சட்டம் போட்டிருந்தது. தரை சிமெண்டாக இருக்க வேண்டும், மூத்திரம் ஓட வாய்க்கால் வேண்டும், சாணிக்குழி தள்ளி இருக்க வேண்டும், கறக்கிறவர் கை கழுவக் குழாய் வேண்டும். சோதனை முடிந்தபின் லைசென்ஸ் இல்லாத வீட்டுப் பாலைத் தெருவின் பால் சென்டரில் வாங்கமாட்டார்கள். வீடு வீடாகக் கொண்டுபோய் விற்றாலும் குற்றம். முதல் தடவை வந்தபோதே ஆபீசரம்மா தரையில் குழி, வாய்க்காலில் சரிவு போதாது என்று எழுதிவிட்டுப் போய்விட்டாள். இந்தத் தடவையும் தவறினால் அடுத்த வருஷம்தான். அதுவரைக்கும் நாலு கறவை மாட்டை வைத்துக்கொண்டு அந்தப் பாலை யார் தலையில் ஊற்றுவது? அந்த வீட்டுக்கு வேறு பிழைப்பு கிடையாது. நிதானத்துக்கு மாட்டைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது. மாட்டைப் பற்றியும் கேட்டால்தான் சொல்வான்.

குழியை அடைத்தாயிற்று. வாய்க்காலைக் கொத்திச் சரிவு பண்ணியாயிற்று. ஒரு வாரமாக மழை விட்டுவிட்டுப் பெய்ததில் எல்லாம் சொதசொதவென்று கிடந்தது. அன்றைக்கு மத்தியானம் பளிச்சு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மாடுகளை ஒவ்வொன்றாகக் கழுவினாள். தொடையில் காய்ந்து ஒட்டியிருந்த சாணியைத் தேங்காய் நாரால் தேய்த்தாள். குளம்புச் சந்தைக் குச்சியால் நோண்டினாள். வால் மயிரைச் சீப்பால் வாரிவிட்டாள். கருப்பி என்கிற மாடு இந்த உபசாரத்தைத் தாங்கமாட்டாமல் இரண்டு தடவை உதைத்தது.

கடைசியாகச் செவலையிடம் வந்தாள். செவலைக்கு மடிநோய். ஒரு காம்பு வீங்கிச் சூடாகிப் பால் திரிதிரியாக வந்ததால் மாட்டு டாக்டர் காம்புக்குள் மருந்து ஏற்றியிருந்தார். மருந்து ஏற்றிய மாட்டின் பால் டாக்டர் சொன்ன கெடு முடிகிறவரைக்கும் சென்டருக்குப் போகக்கூடாது. காய்ச்சினாலும் மருந்து போகாது. அந்தப் பால் தயிராக உறையாது. மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் குடித்தால் உடம்பு தடித்துவிடும் என்றும் சொல்வார்கள். அந்த வீட்டில் இதற்கு ஒரு வழக்கம் இருந்தது. மருந்து ஏற்றியதும் மாட்டின் பின்னங்காலில் சிவப்புத் துணி கட்டிவிடுவார்கள். துணி கட்டிய மாட்டைக் கடைசியில் கறந்து பாலைக் குழியில் கொட்ட வேண்டும். கெடு முடிந்த அன்றைக்குத் துணியை அவிழ்ப்பார்கள். யார் கறந்தாலும் காலைப் பார்த்துவிட்டுத்தான் வாளியை வைப்பார்கள். வாயால் சொல்லிக்கொள்கிற வேலையே கிடையாது.

செவலையின் கெடு இன்னும் முடியவில்லை. ஆனால் அந்தத் துணியின் கோலத்தைப் பளிச்சுவால் பார்க்க முடியவில்லை. சாணியும் மூத்திரமும் ஊறி அது சிவப்பா கறுப்பா என்றே தெரியவில்லை. ஆபீசரம்மா முதலில் அதைத்தான் பார்ப்பாள் என்று அவளுக்குத் தோன்றியது. அவிழ்த்தாள். சோப்புப் போட்டுக் கசக்கினாள். மழையில் காயாது என்று சமையலறையில் அடுப்புக்கு மேலே கம்பியில் போட்டாள். ஈரத்துணியைக் கட்டினால் கால் புண்ணாகும். காய்ந்ததும் கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். பிறகு சுண்ணாம்பு கரைக்கப் போனாள். வீட்டின் முன்பக்கச் சுவருக்கு அவளும் கொட்டகைப் பின்சுவருக்கு நிதானமும் என்று பிரித்துக்கொண்டு அடிக்க ஆரம்பித்தார்கள்.

அந்த நேரம் பார்த்து நிதானத்தின் அக்கா வந்து சேர்ந்தாள். புருஷன் போனபின் அவளும் இந்த வீட்டோடுதான் இருக்கிறாள். மகளைப் பார்க்கப் போய்ச் சில நாள் தங்கிவிட்டு வருகிறாள். வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிட நீளம். ஒரு வேலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது.

"என்னம்மா, கல்யாண வீடு மாதிரி இருக்கு?" என்றாள் வாசலிலேயே. "உம்மேல இருக்கிற சுண்ணாம்பைச் சுரண்டினா இன்னொரு செவுரு அடிக்கலாம் போல."

"நாளைக்குக் காலையில ஆபீசரம்மா வர்றாங்க அண்ணி. போய்ச் சாப்பிடுங்க. சோறு மூடி வெச்சிருக்கேன்."

"சாப்பாடு எங்க ஓடிப்போகுது? கறக்கிற நேரம் ஆச்சே, மாடு கத்துது. நீ செவுத்தைப் பாரு, நான் கறந்துடறேன்."

பளிச்சு ஏணியில் நின்றுகொண்டு "சரி அண்ணி" என்றாள். அவ்வளவுதான் நடந்தது. பிற்பாடு அந்த இரண்டு வார்த்தையை அவள் எத்தனையோ தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அக்காக்காரி கையைக் கழுவி, மடியைக் கழுவி, ஒவ்வொரு மாடாகக் கறந்தாள். நல்ல கை அவளுக்கு. உட்கார்ந்ததுமே மாடு சுரப்பு விட்டுவிடும். செவலையிடம் வந்தபோது வழக்கப்படி பின்னங்காலைப் பார்த்தாள். கால் பளபளவென்று இருந்தது. ஊருக்குப் போகும்போது துணி கட்டியிருந்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது. கெடு முடிந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வாளியை வைத்தாள். வீக்கம் வடிந்திருந்தது. பாலும் திரியில்லாமல் நுரைத்துக்கொண்டு வந்தது. சந்தோஷத்தில் செவலையின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள்.

நிதானம் கேனைச் சைக்கிளில் கட்டும்போது கனம் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருந்தது. மழைக்குப் புல் தழைத்திருக்கிறது, அதனால் இருக்கும் என்று நினைத்தான். சென்டருக்குப் போனான், வரிசையில் நின்றான், கூலரில் ஊற்றினான். கூலர் என்பது எவர்சில்வரில் பெரிய தொட்டி. தெரு முழுக்க உள்ள வீட்டுப் பாலெல்லாம் அதற்குள்தான் போகும். இருட்டினதும் லாரி வந்து குழாய் போட்டு உறிஞ்சிக்கொண்டு பால் பண்ணைக்குப் போய்விடும்.

அவன் திரும்பி வந்து கால் விண்விண்ணென்று வலிக்கிறது என்று சுவரோரம் உட்கார்ந்தான். பளிச்சு உள்ளே போய்க் கம்பியைத் தொட்டுப் பார்த்தாள். துணி காய்ந்திருந்தது. எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் புறப்பட்டாள்.

"என்னம்மா அது?" என்றாள் அக்கா, தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே.

"செவலை துணிதான் அண்ணி. ரொம்ப அழுக்கா இருந்துச்சு, துவைச்சுப் போட்டேன்."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "கெடு முடிஞ்சு அவுத்ததுதானே?"

"இல்லையே. இன்னும் நாள் இருக்கே."

கொட்டகையில் ஒரு மாடு தொட்டியை நக்குகிற சத்தம் கேட்டது. பளிச்சு துணியோடு அப்படியே திரும்பினாள். "அண்ணி, செவலையைக் கறந்தீங்களா?" என்று கேட்டாள். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது.

"கறந்தேன். கேன்லதான் ஊத்தினேன்" என்றாள் அக்கா. "காலைப் பாத்துட்டுத்தான் உக்காந்தேன். துணி இல்ல. துணி இல்லைன்னா கறக்கலாம், அதுதானே இந்த வீட்டுச் சட்டம்? நான் புதுசா வந்தவளா?"

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அண்ணி!"

"எதுக்குக் கேக்கணும்? கேக்க வேண்டாம்னுதானே துணி? உன்னை யாரு அதைத் துவைக்கச் சொன்னது? ஆபீசர் வர்றான்னா மாட்டுக்குப் பவுடர் பூசுவியா? இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா மாட்டையே துவைச்சுக் கொடியில போட்டிருப்பே!"

பளிச்சுவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அக்கா சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை என்பதுதான் அதிலும் கொடுமை. துணியைக் கையில் கசக்கிக்கொண்டு புருஷனைப் பார்த்தாள். "ஏங்க, கூலர்ல ஊத்தியாச்சா?"

"ஊத்தியாச்சு" என்றான் நிதானம்.

"லாரி?"

"இன்னும் வரல."

அக்கா குரலைத் தாழ்த்தினாள். "இங்க பாரு தம்பி. நடந்தது நடந்துபோச்சு. இத்தனை வீட்டுப் பாலோட நம்ம ஒரு மாட்டுப் பால் கலந்தா என்ன தெரியப்போகுது? வாயை மூடிட்டுப் படுத்துக்குவோம். நாளைக்கு அந்தம்மா வந்து பாத்து லைசென்ஸ் குடுத்துட்டுப் போகட்டும்."

"பண்ணையில டெஸ்ட் பண்ணினா?" என்றாள் பளிச்சு.

"தினமுமா பண்றான்? பண்ணாத நாளும் இருக்கில்ல?"

"பண்ணினா லாரிப் பாலையே கொட்டிடுவாங்க அண்ணி. மத்த ஊருப் பாலும் அதுலதான் இருக்கு. அப்புறம் நம்ம சென்டரையே நிறுத்திடுவாங்க. பண்ணலேன்னா, யாரு வீட்டுப் புள்ளையோ அதைக் குடிக்கும்."

"சொன்னா மட்டும்? தெரு முழுக்க நம்ம வாசல்ல வந்து நிக்கும். உன் லைசென்ஸ் அந்த நிமிஷமே போச்சு. நாலு மாட்டையும் புடிச்சுக் கசாப்புக்காரன்கிட்ட குடுத்துட்டு நாம மூணு பேரும் எங்கே போறது?"

நாலு மாடுகளும் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு அசை போட்டன. மத்தியானம் பூராவும் தேய்த்த தேய்ப்பில் அவை புதுச் சாமான் மாதிரி மின்னிக்கொண்டிருந்தன. நிதானம் எழுந்தான். செருப்பைத் தேடவில்லை, வெறுங்காலோடு போய்ச் சைக்கிளைத் திருப்பினான்.

"எங்கடா?" என்றாள் அக்கா.

"நான்தானே கொண்டுபோய் ஊத்தினேன். நான்தான் சொல்லணும்."

"கெடுத்தவ நான்" என்றாள் பளிச்சு. "நானும் வர்றேன்." சைக்கிளின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். உட்கார்ந்தபின்தான் சுண்ணாம்புக் கோலத்தோடேயே கிளம்பிவிட்டது தெரிந்தது. அவள் வாழ்க்கையில் அப்படி வெளியே போனது அதுதான் முதல் தடவை.

சென்டர்காரர் கூலர் ஓரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு ட்ரேயில் சின்னச் சின்ன பாட்டில்கள் அடுக்கியிருந்தன. ஊற்றுகிற ஒவ்வொரு வீட்டுப் பாலிலும் கொஞ்சம் எடுத்து அதில் வைப்பார். லாரி எடுத்துக்கொண்டு போய்ப் பண்ணையிலிருந்து தகராறு ஒன்றும் இல்லை என்று தெரிந்தபிறகு கழுவிவிடுவார். பளிச்சு சொன்னதைக் கேட்டதும் அவர் ரேடியோவை அணைத்தார்.

"நீ வரவே இல்ல" என்றார். "நான் உன்னைப் பாக்கவே இல்ல. வீட்டுக்குப் போ."

"அண்ணே, மருந்துப் பால் கலந்திருக்குண்ணே."

"காதுல விழலைன்னு சொல்றேன்ல! உனக்கென்னம்மா, வந்து சொல்லிட்டுப் புண்ணியம் கட்டிக்கிட்டுப் போயிடுவே. தொட்டியைத் திறந்துவிட்டா நாளைக்குக் காலையில ஒவ்வொருத்தரும் எங்கிட்ட வந்து என் பால் எங்கேன்னு கேப்பாங்க. என் வேலை இருக்குமா? தம்பி, நீயாவது சொல்லு உன் பொண்டாட்டிக்கு."

லாரியின் குழாயை மாட்டுகிற திருகு தொட்டியின் அடியில் இருந்தது. நிதானம் போய் அதற்கு முன்னால் ஈரத்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"என்ன பண்றே?"

"உக்காந்திருக்கேன்."

"லாரி வரும்யா!"

"வரட்டும். நிதானமா வரட்டும்."

சென்டர்காரர் தலையில் அடித்துக்கொண்டார். கெஞ்சிப் பார்த்தார், தோளைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். ஊறின சாக்கு மூட்டையை இழுத்த மாதிரிதான் இருந்தது. கடைசியில் வேறு வழி தெரியாமல் ஆபீசரம்மாவுக்குப் போன் போட்டார். மறுநாள் வேலைக்காக அவள் பக்கத்து ஆபீசிலேயே தங்கியிருந்தாள்.

அவள் வந்து சேர்வதற்குள் சேதி தெருவுக்குப் போய்விட்டது. குடையும் சாக்குமாகப் போர்த்திக்கொண்டு ஆட்கள் வந்து நின்றார்கள். ஒவ்வொருவர் வாயிலும் ஒவ்வொன்று. எல்லாரையும் மிஞ்சி ஒலித்தது மூலைவீட்டுக்காரியின் குரல்தான். இரண்டு மாடு வைத்துக்கொண்டு தனியாகக் குடும்பத்தைத் தள்ளுகிறவள். பளிச்சுவுக்கு வேண்டியவள்தான், பனி, மழை என்று பார்க்காமல் இரண்டு பேரும் சேர்ந்துதான் புல்லறுக்கப் போவார்கள்.

"நாங்க குனிஞ்சு நிமிந்து கறந்த பால் அது!" என்று கத்தினாள். "இவ வீட்டுத் தரையில மூஞ்சி தெரியும்னு பீத்திக்குவாளே, இப்ப மூஞ்சியை எங்கே வெச்சுக்குவா?"

பளிச்சு தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆபீசரம்மா சின்னப் பெண். மழைக்கோட்டைக் கழற்றாமலே உள்ளே வந்து, தொட்டிப் பாலைக் கலக்கச் சொல்லி ஒரு சின்னக் குப்பியில் எடுத்தாள். அதில் ஒரு காகிதப் பட்டையைச் செருகிவைத்தாள். இரண்டு கோடு வந்தால் பால் நல்ல பால். கீழ்க்கோடு மங்கினால் மருந்து இருக்கிறது என்று சென்டர்காரர் பக்கத்தில் நின்றவர்களுக்குக் காதோடு காதாகச் சொன்னார். எல்லாரும் அந்தக் காகிதத்தையே பார்த்தார்கள். மேல்கோடு சிவப்பாக எழுந்தது. கீழே வெறுமையாக இருந்தது.

அவள் பட்டையை விளக்குக்கு நேராகப் பிடித்தாள். "ஒரு மாட்டுப் பால்தானே?" என்றாள். "இவ்வளவு பெரிய தொட்டியில லேசாவாவது கோடு தெரியணுமே. சுத்தமா இல்லையே."

"ட்ரேயில எல்லார் பாட்டிலும் இருக்கும்மா" என்றார் சென்டர்காரர். "ஒவ்வொண்ணா பாத்துடலாமா?"

ஆபீசரம்மா ட்ரேயைப் பார்த்தாள், பையில் மிச்சமிருந்த பட்டைகளைப் பார்த்தாள்.

"இன்னும் என்னத்தைப் பாக்கறது?" என்று மூலைவீட்டுக்காரி முன்னால் வந்தாள். "அதான் அவளே வந்து நான்தான்னு ஒத்துக்கிட்டாளே! மழையில எங்களை விடியற வரைக்கும் நிக்க வைக்கப் போறீங்களா? கொட்டறதைக் கொட்டித் தொலைங்க, நாங்க வீட்டுக்குப் போறோம்!" ஆமாம், ஆமாம் என்றார்கள் பின்னால் நின்றவர்கள்.

"காரணம் தெரிஞ்சாச்சு, விடுங்க" என்றாள் ஆபீசரம்மா. "திறந்துவிடுங்க."

நிதானம் எழுந்து ஒதுங்கினான். சென்டர்காரர் திருகைத் திருப்பினார். பால் கையளவு தடிமனாகச் சீறிக்கொண்டு வந்து தரையில் மோதி வாய்க்காலுக்கு ஓடியது. தெருவின் சாயங்காலக் கறவை பூராவும் அதில் போயிற்று. அத்தனை நேரம் கத்தியவர்கள் ஓரடி பின்னால் ஒதுங்கினார்கள். வயசான ஒருவர் மட்டும் குனிந்து ஓடுகிற பாலைத் தொட்டுப் பார்த்தார். இன்னும் ஜில்லென்று இருக்கிறது என்று யாரிடமோ சொன்னார். நின்று பார்க்கவே வயிறு எரிந்தது. பளிச்சு கண்ணை மூடவில்லை. கடைசிச் சொட்டு வரைக்கும் பார்த்தாள்.

ஆபீசரம்மா ஸ்டூலில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். "உங்க கொட்டகையை நாளைக்குப் பாக்க வர வேண்டியதில்லைம்மா. மருந்துப் பால் கலந்தா லைசென்ஸ் கிடையாதுன்னு நேரடியாவே சட்டம் இருக்கு. அடுத்த வருஷம் மறுபடியும் எழுதிப்போடுங்க. அதுவரைக்கும் சென்டர்ல ஊத்தக்கூடாது."

"தானா வந்து சொன்னோம்" என்றான் நிதானம். "அதுக்குச் சட்டத்துல ஒண்ணும் இல்லையா?"

அவள் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினாள். "இல்லைங்க. நானா கீழே ஒரு வரி எழுதறேன். மேல இருக்கிறவங்க படிப்பாங்களான்னு எனக்குத் தெரியாது." அவள் முகத்தைப் பார்த்தால் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கையெழுத்தைப் போட்டுவிட்டுத்தான் போனாள்.

அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. "இனிமே இந்த வீட்டுல யாரும் எதையும் துவைக்கக்கூடாது" என்று அக்கா ஒரு தடவை சொன்னாள். பிறகு அவளே எழுந்து வந்து பளிச்சுவின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "என் கண்ணு அவிஞ்சா போச்சு, நானாவது கேட்டிருக்கணும்" என்றாள். பளிச்சு அவள் மடியில் விழுந்து அழுது தீர்த்தாள்.

லைசென்ஸ் போனது மாடுகளுக்குத் தெரியுமா? விடிந்ததும் மடி கட்டிக்கொண்டு கத்தின. கறந்தார்கள். கன்றுகளை வயிறு முட்டக் குடிக்கவிட்டும் இரண்டு வாளி நிறையப் பால் மீந்து நின்றது. எந்த மாட்டை முதலில் விற்பது என்று நிதானமும் அக்காவும் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதைக் கேட்க முடியாமல், முன்தினம் விட்டுவந்த காலிக் கேனை எடுத்து வருகிறேன் என்று பளிச்சு சென்டருக்குக் கிளம்பினாள்.

வரிசை வாசல்வரை நின்றது. அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் பாதி, திருப்பிக்கொள்ளாமல் முறைத்தவர்கள் மீதி. அவள் யாரையும் பார்க்காமல் கேன் கழுவும் குழாயடிக்குப் போனாள். அங்கே மூலைவீட்டுக்காரி தன் கேனோடு பின்னாலேயே வந்து நின்றாள்.

"நேத்துத் திட்டினதை மனசுல வெச்சுக்காத" என்றாள் அடிக்குரலில்.

"பால் போச்சேன்னு திட்டினீங்க. இதுல என்னக்கா இருக்கு?"

"அதுக்குத் திட்டலை." மூலைவீட்டுக்காரி சுற்றுமுற்றும் பார்த்தாள். "எங்க கொம்பிக்கும் மடி வீங்கியிருந்துச்சு. டாக்டரைக் கூப்பிட்டா பாலை நிறுத்தச் சொல்லுவாரு. மருந்துக்கடையில டியூப் வாங்கி நேத்துக் காலையில நானே காம்புல ஏத்தினேன். சாயந்திரம் கறந்து எல்லாத்தோடயும் ஊத்திட்டேன். நீ வந்து சொல்லியிருக்கலேன்னா பாட்டில் பாட்டிலா பாத்திருப்பாங்க. மாட்டியிருப்பேன். நீ நல்லா இருக்கணும் தாயி."

பட்டையை விளக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு ஆபீசரம்மா சொன்னது பளிச்சுவுக்கு இப்போதுதான் புரிந்தது. கோபம் வந்தது; இல்லை என்று சொல்ல முடியாது. அவள் கழுத்தைப் பிடித்து அத்தனை பேருக்கு முன்னால் இழுத்துக்கொண்டு போய் நிறுத்த வேண்டும் என்று கை துடித்தது. அப்போதுதான் மூலைவீட்டுக்காரியின் கையில் இருந்த கேனைப் பார்த்தாள்.

"இதுல?" என்றாள்.

மூலைவீட்டுக்காரி கேனைப் பின்னால் நகர்த்தினாள்.

"கொம்பி பாலும் இதுல இருக்காக்கா?"

"நான் என்ன பண்ணட்டும்? இருக்கிறதே ரெண்டு மாடு. பாதிக் கேன் கொண்டுவந்தா இன்னிக்கு ஏன் கொறைஞ்சுதுன்னு கேப்பாரு. நேத்து நடந்த கூத்துக்கு அப்புறம் கேக்காம விடுவாரா?"

"சொல்லிடுங்கக்கா."

"சொன்னதுக்கு உனக்கு என்ன கிடைச்சுது, சொல்லு பாப்போம்." அவள் கண் கலங்கியிருந்தது. "உனக்குப் புருஷன் இருக்கான், நாத்தனார் இருக்கா. எனக்கு இந்த ரெண்டு மாடுதான். என்னைக் காட்டிக்குடுக்காத. உன் கால்ல விழறேன்."

உள்ளேயிருந்து சென்டர்காரர் மூலைவீட்டைக் கூப்பிட்டார். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேனைத் தூக்கினாள். இரண்டடி வைப்பதற்குள் பளிச்சு வந்து கேனின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். வரிசை முழுக்க இந்தப் பக்கம் திரும்பியது.

"விடு. எல்லாரும் பாக்கறாங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள் மூலைவீட்டுக்காரி.

"பாக்கட்டும்" என்றாள் பளிச்சு, அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "நேத்துத் திட்டினதுக்கு நான் பழி வாங்கறேன்னு சொல்லுங்க. கெடு முடியறவரைக்கும், என் மூஞ்சியில முழிக்கப் பிடிக்கலைன்னு சாக்குச் சொல்லி, சென்டருக்கு வராம பாலை வீட்டுலயே கொட்டுங்க."

சொல்லிவிட்டு மூடியைத் தட்டிவிட்டுக் கேனைக் கவிழ்த்தாள். பால் அத்தனையும் இரண்டு பேர் காலிலும் கொட்டிக் குழாயடியில் பரவியது.

வரிசை கலைந்து ஓடிவந்தது. "பாவி!" என்றார்கள். "தன் லைசென்ஸ் போச்சுன்னு அடுத்தவ வயித்துல அடிக்கிறா பாரு!" என்றார்கள். சென்டர்காரர் வெளியே வந்து, இனிமேல் இந்தப் பக்கம் காலடி வைக்காதே என்று விரலை ஆட்டினார். மூலைவீட்டுக்காரி கவிழ்ந்த கேனைப் பார்த்தாள். பிறகு அவளும் கத்த ஆரம்பித்தாள். "எம்பால்! எம்பாலைக் கொட்டிட்டா படுபாவி! இவ நல்லா இருப்பாளா!" என்று எல்லாரையும்விட உரக்கக் கத்தினாள். கத்திக்கொண்டே பளிச்சுவின் கையை இறுகப் பிடித்திருந்தாள். அடிக்கப் பிடித்திருக்கிறாள் என்று நினைத்து இரண்டு பேர் வந்து விலக்கிவிட்டார்கள்.

பளிச்சு காலிக் கேனை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அவளுக்கு முன்னால் சேதி போய்ச் சேர்ந்துவிட்டிருந்தது. அக்கா வாசலிலேயே இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். பின்னால் நிதானம்.

"ஏம்மா, மூலைவீட்டுக்காரி பாலைக் கீழே கொட்டினியாமே? நிசமா?"

"ஆமா அண்ணி" என்றாள் பளிச்சு. "வயித்தெரிச்சல் தாங்கல."